சொல்லும் மௌனமும்: மாக்பெத்தின் கொலை இரவு – நாடகத்திலும் திரையிலும்



பத்தாண்டுகளாகச் சொல்லையே செல்வமாகக் கொண்டு கூடிவரும் ஓர் அவையில், சொல்லை நீக்கிவிட்டால் கவிதையில் எஞ்சுவது யாது என்று வினவுவது சற்றே துணிவான செயல்தான். ஆயினும் அவ்வினாவைத் தவிர்க்க இயலாதபடி எழுப்பிய ஒரு கலைப்படைப்பு உண்டு. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தைத் தழுவி ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1957-ஆம் ஆண்டில் உருவாக்கிய திரைப்படமே அது. 'சிலந்தி வலைக் கோட்டை' என்பது அதன் ஜப்பானியப் பெயரின் பொருள். மேலைநாடுகளில் அது 'குருதி அரியணை' எனப் பொருள்படும் பெயரால் வழங்குகிறது. ஷேக்ஸ்பியரின் புகழ் அவர்தம் செய்யுளால் நிலைபெற்றது. அச்செய்யுளில் ஓரடியையும் குரோசாவா எடுத்தாளவில்லை. எனினும் ஷேக்ஸ்பியரைத் திரைக்குக் கொணர்ந்த முயற்சிகளுள் தலையாயவற்றுள் ஒன்றாக அப்படத்தைத் திறனாய்வாளர் பலரும் போற்றுகின்றனர்.

இது கவிஞர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியா, அச்சம் தரும் செய்தியா? கவிதை முழுவதையும் களைந்த பின்னும் ஒரு காவிய நாடகம் உயிரோடு நிற்குமாயின், கவிஞன் சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்த்த உழைப்பின் பயன் என்ன? பொதுவாக ஆராய்வதைவிட, ஒரே ஒரு காட்சியை இரு வடிவங்களிலும் அருகருகே வைத்து நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும். அதற்கு ஏற்றது கொலை நிகழும் இரவின் காட்சி. நாடகத்தில் அது இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் களம்.

நாடகமும் படமும்

மாக்பெத் நாடகம் ஏறத்தாழ 1606-இல் எழுதப்பெற்றதாகக் கொள்வர். ஷேக்ஸ்பியர் மறைந்த பின், 1623-இல் வெளிவந்த முதல் பெருந்தொகுப்பில்தான் அது அச்சேறியது. அவருடைய அவல நாடகங்களுள் அளவில் மிகச் சிறியது அதுவே. கதைக்கான கரு, ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்து பெறப்பட்டது. வரலாற்றில் டங்கன் மன்னன் 1040-இல் போரில் மாண்டான். உறங்கும் விருந்தினனைக் கொல்லும் செய்தியோ அதே நூலில் வேறொரு மன்னனாகிய டஃப் என்பவனைப் பற்றிய பகுதியில் உள்ளது. இரண்டையும் ஷேக்ஸ்பியர் இணைத்தார். போர்க்களத்து மரணத்தை வீட்டினுள், படுக்கையறைக்குள், நள்ளிரவுக்குள் கொண்டுவந்தது அவர் செய்த முதல் நாடகச் செயல்.

தமிழ் மேடைக்கும் இந்நாடகம் புதிதன்று. 1891-இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியது போலவே மாக்பெத்தை 'மகபதி' என்னும் பெயரில் தமிழாக்கினார். பெயரையும் நாட்டையும் மாற்றி உரையாடலைக் காத்தல் அக்கால நாடகாசிரியர் நெறி. குரோசாவா பெயரையும் நாட்டையும் மாற்றியதோடு உரையாடலையும் விட்டுவிட்டார். இவ்வேறுபாடே இங்குக் கருதத்தக்கது.

குரோசாவாவின் கதை, ஜப்பானில் உள்நாட்டுப் போர்கள் மலிந்திருந்த காலத்தில் நிகழ்கிறது. மாக்பெத் வாஷிசு என்னும் படைத்தலைவன் ஆகிறான். தொஷிரோ மிஃபுனே அப்பாத்திரத்தை ஏற்றார். அவன் மனைவி அசாஜி. அவ்வேடத்தில் நடித்தவர் இசுசு யமதா. நண்பன் பாங்கோ இங்கு மிக்கி எனப் பெயர் பெறுகிறான். சூனியக்காரிகள் மூவர்க்கு மாறாகக் காட்டினுள் இராட்டை சுற்றும் ஒற்றை ஆவி தோன்றுகிறது. ஃபுஜி மலைச்சரிவின் கரிய எரிமலை மண்ணில் கோட்டை அரங்கம் எழுப்பப்பட்டது. படம் முழுவதும் மூடுபனி கவிந்திருக்கிறது.

குரோசாவா பேச்சுக்கு ஈடாகத் தேர்ந்துகொண்டது 'நோ' என்னும் பழைய ஜப்பானிய நாடக மரபு. 14-ஆம் நூற்றாண்டில் செம்மை பெற்ற அம்மரபில் நடிகர் முகமூடி அணிவர். பாதத்தைத் தரையினின்றும் எடுக்காமல் இழுத்து நடப்பர். குழலும் கைமுரசும் ஒலிக்கும். சிறியதோர் அசைவுக்கும் பெரும்பொருள் இருக்கும். யமதாவுக்கும் மிஃபுனேவுக்கும் குரோசாவா ஆளுக்கொரு நோ முகமூடியைக் காட்டி, அதுவே பாத்திரத்தின் முகம் என விளக்கினார். அசாஜிக்குக் காட்டப்பட்டது, அழகு குன்றாத, ஆயின் பித்தின் விளிம்பில் நிற்கும் நடுவயதுப் பெண்ணின் முகமூடி. வாஷிசுவுக்குக் காட்டப்பட்டது போர்வீரனின் முகமூடி. படம் பார்ப்போர் முகமூடியைக் காண்பதில்லை. முகமூடியாகவே இறுகிவிட்ட முகங்களைக் காண்கின்றனர்.

நாடகத்தில் கொலை இரவு

ஷேக்ஸ்பியரின் களம் எழுபதைச் சற்றே கடந்த அடிகளால் ஆனது. கொலையை அவர் மேடையில் காட்டவில்லை. மனைவி தனித்து நிற்கிறாள். காவலர்க்கு மதுவில் மயக்க மருந்து கலந்து கொடுத்திருக்கிறாள். தானும் சிறிது மது அருந்தித் துணிவு பெற்றிருக்கிறாள். ஆந்தை அலறுகிறது. கணவன் உள்ளே இருக்கிறான். அவள் செவிதான் அவையோரின் செவி. குத்துவாள்களை எடுத்து ஆயத்தமாக வைத்தவளும் அவளே. உறங்கும் மன்னனின் முகச்சாயல் தன் தந்தையை நினைவூட்டாதிருந்தால் தானே அச்செயலை முடித்திருப்பதாக அவள் சொல்கிறாள். அந்த ஒரே அடியில், இரும்பெனத் தோன்றியவளின் உள்ளே மகள் ஒருத்தி இருப்பது தெரிந்துவிடுகிறது. ஐந்தாம் அங்கத்தில் அவள் உடைந்துபோவதற்கான விரிசல் இங்கேயே விழுந்துவிட்டது.

கணவன் வருகிறான். அதன்பின் செய்யுளுக்கு நேர்வதைக் கவிஞர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஓரடியை இருவர் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஒற்றைச் சொற்களாக வினாக்கள் எழுகின்றன. ஒற்றைச் சொற்களாகவே விடைகள் வருகின்றன. யாப்பின் எலும்பு முறியும் ஓசை கேட்கிறது. அடி நிரம்புவதற்கு இருவர் மூச்சு தேவைப்படும் நிலையில், இருவரும் ஒரே குற்றத்தின் இரு பாதிகள் என்பது பொருளால் அன்றி ஓசையால் உணர்த்தப்படுகிறது.

அடுத்து மாக்பெத் பேசத் தொடங்குகிறான். பேச்சை அவனால் நிறுத்த முடியவில்லை. பக்கத்து அறையில் இருவர் விழித்து இறைவனை வேண்டியதையும், அவ்வேண்டுதலின் இறுதியில் சொல்லவேண்டிய 'ஆமென்' என்னும் ஒரு சொல் தன் தொண்டையில் சிக்கிக்கொண்டதையும் கூறுகிறான். வாள் ஏந்திய கை தயங்கவில்லை. நாவோ ஒரு சொல்லைச் சொல்ல மறுத்துவிட்டது. தூக்கத்தையே கொன்றுவிட்டாய் என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டதாகச் சொல்கிறான். தூக்கத்துக்கு உவமை மேல் உவமையாக அடுக்குகிறான். மனைவி சினந்து இடைமறிக்கிறாள். அவளுக்கு வேண்டுவது செயல். அவனுக்கு வாய்த்ததோ கற்பனை. எடுத்துவந்திருக்கக் கூடாத குத்துவாள்களைக் கையோடு எடுத்துவந்துவிட்டான். திரும்பச் சென்று அவற்றை வைக்க மறுக்கிறான். அவள் பறித்துக்கொண்டு போகிறாள்.

அவள் சென்ற இடைவெளியில் கோட்டை வாயிலில் தட்டும் ஓசை எழுகிறது. தன் கையைப் பார்த்து அவன் நடுங்குகிறான். பெருங்கடல் நீரெல்லாம் இக்கையைக் கழுவுமா, இக்கை கடலையெல்லாம் செந்நீராக்குமா என்னும் கருத்தை ஷேக்ஸ்பியர் சொல்லும் முறை சொற்கலையின் உச்சம். இலத்தீன் வேருடைய இரண்டு நெடுஞ்சொற்கள் அலைபோல உருண்டு எழுகின்றன. அடுத்த அடியில் எளிய ஓரசைச் சொற்கள் கரையில் வந்து விழுகின்றன. கற்றோர் மொழியில் எழுந்த அச்சம், உழவனும் அறியும் மொழியில் வந்து முடிகிறது. அதே வேளையில் மனைவி செங்கையளாய்த் திரும்பிச் சிறிதளவு நீர் போதும் என்கிறாள். ஒருவனுக்குக் கடலும் போதாது. ஒருத்திக்குக் கைப்பிடி நீர் போதும். நாடகத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் இவ்விரு கூற்றுகளுக்கும் இடையே நடக்கும் வழக்கே எனலாம். இறுதியில் மனைவியின் கூற்றே தோற்கிறது.

வாயில் தட்டும் ஓசையைப் பற்றி தாமஸ் டி குவின்சி 1823-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. கொலையாளிகள் மனித உலகினின்றும் துண்டிக்கப்பட்டுக் காலமே நின்றுபோன ஒரு தனியுலகில் இருக்கின்றனர். தட்டும் ஓசை கேட்டதும் மனித உலகின் நாடித்துடிப்பு மீண்டும் தொடங்குகிறது. அப்போதுதான் அதுவரை அது நின்றிருந்ததை அவையோர் உணர்கின்றனர் என்பது அவர் கருத்தின் சாரம். தட்டுபவன் மாக்டஃப் என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணுதல் வேண்டும். பின்னர் மாக்பெத்தின் தலையை வெட்டப்போகிறவன் அவனே. அறம், கதவுக்கு வெளியே நின்று தட்டுகிறது.

திரையில் கொலை இரவு

குரோசாவாவின் படத்திலும் கொலை காட்டப்படவில்லை. போலந்து நாட்டு இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி 1971-இல் எடுத்த மாக்பெத் படத்தில் கொலை திரையிலேயே நிகழ்கிறது. மன்னன் கண்விழித்துத் தன்னைக் கொல்ல வந்தவனைப் பார்க்கிறான். எல்லாவற்றையும் காட்டவல்லது திரைக்கருவி. காட்ட வல்லமை இருந்தும் காட்டாமல் விடுத்த குரோசாவா, இவ்வொரு முடிவில் நாடகாசிரியரோடு உடன்படுகிறார். பிற எல்லாவற்றிலும் வேறு வழி செல்கிறார்.

முதல் மாற்றம் இடம் பற்றியது. தலைவன் வருகையால் வாஷிசு தன் அறையை அவனுக்கு விட்டுக்கொடுத்து, மூடிக்கிடந்த வேறோர் அறைக்குச் செல்கிறான். முன்னர் அக்கோட்டையை ஆண்டு கலகம் செய்த ஃபுஜிமாக்கி என்பவன் தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்ட அறை அது. அவன் குருதி படிந்த கறை அங்கே மங்காமல் இருக்கிறது. விளக்கேந்தி வரும் ஊழியரும் அங்கு நிற்க அஞ்சுகின்றனர். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் கறை கொலைக்குப் பின் தோன்றுகிறது. குரோசாவாவின் படத்திலோ கொலைக்கு முன்னரே கறை காத்திருக்கிறது. கையில் படியப்போகும் குருதி புதியதன்று. சுவரில் ஏற்கெனவே உலர்ந்திருப்பதன் தொடர்ச்சியே. தலைவனும் தனக்கு முன்னிருந்த தலைவனைக் கொன்றே அவ்விடத்துக்கு வந்தவன் என அசாஜி எடுத்துரைப்பதும் இதனோடு இயைகிறது. நாடகத்து டங்கன் தூயவன். அவனைக் கொல்வது இறைவன் திருமுன் இழைக்கும் பிழை. படத்துத் தலைவன் அத்தகையவன் அல்லன்.

இரண்டாவது மாற்றம் ஒலி பற்றியது. காவலர்க்கு மருந்திட்ட மது எடுத்துவர அசாஜி எழுந்து செல்கிறாள். இருள் சூழ்ந்த உள்ளறை வாயிலுக்குள் அவள் உருவம் கரைந்து மறைகிறது. சில கணங்களில் கையில் மதுக்கலத்தோடு அதே இருளிலிருந்து வெளிப்படுகிறது. கேட்பது அவளது பட்டாடை தரையில் உராயும் ஓசை ஒன்றுதான். நாடகத்தில் ஆந்தையும் மணியும் குரலும் செய்த பணியை இங்கு ஓர் ஆடையின் சரசரப்பு செய்துவிடுகிறது. பாம்பு ஊரும் ஓசையை ஒத்த அவ்வொலியில், ஏவும் தீமையும் இல்லத்தரசியின் அமைதியும் பிரிக்க இயலாதபடி ஒன்றிவிட்டன.

மூன்றாவது மாற்றம் படைக்கலம் பற்றியது. குத்துவாளுக்கு மாறாக இங்கு ஈட்டி. உறங்கும் காவலனிடமிருந்து அதை எடுத்துவந்து கணவன் கையில் வைப்பவள் அசாஜி. அவன் செல்கிறான். அவள் தனித்திருக்கிறாள். நாடகத்தில் இவ்விடத்தே மனைவி பேசினாள். இங்கு அசாஜி பேசவில்லை. அமர்ந்திருந்தவள் எழுகிறாள், கறையை நோக்குகிறாள், நோ நாடகத்தின் ஆடலை ஒத்த விரைந்த அசைவு ஒன்று அவளிடம் தோன்றி மறைகிறது, குழலும் முரசும் ஒலிக்கின்றன. அவ்வளவே. வாஷிசு திரும்பிவருகிறான். விழிகள் நிலைகுத்தியுள்ளன. ஈட்டி முனையில் குருதி. அமர்ந்த பின்னும் ஈட்டியைப் பிடித்த கை திறக்கவில்லை. அசாஜி அவன் கையினின்றும் அதை வலிந்து பிரித்தெடுத்துக் காவலனிடம் மீண்டும் வைத்துவிட்டு வருகிறாள். இவை அனைத்தும் ஏறத்தாழச் சொல்லே இன்றி நிகழ்கின்றன.

இங்கு ஒன்றை எண்ணிப்பார்த்தல் தகும். நாடகத்தில் மாக்பெத்தின் தொண்டையில் 'ஆமென்' சிக்கியது. படத்தில் வாஷிசுவின் கையில் ஈட்டி சிக்கியது. அங்கு உள்ளத்தின் பூட்டு. இங்கு உடலின் பூட்டு. ஒரு சொல் வெளிவர மறுத்ததைக் கூறும் அடிகளை, ஒரு கை திறக்க மறுப்பதாகக் குரோசாவா மாற்றியிருக்கிறார் எனக் கொள்வது பொருந்தும். மூலத்தின் சொல்லைக் கைவிட்டவர், அச்சொல் செய்த பணியைக் கைவிடவில்லை.

மெய்ப்பாட்டு நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன் நான்கு என்றார். அச்சத்துக்கு அவர் கூறிய நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. மாக்பெத் நாடகத்தின் கொலை இரவுக்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் காண்டல் அரிது. சூனியக்காரிகளின் வாக்கு அணங்கு. அலறும் ஆந்தை விலங்கின் பாற்படும். இருளில் உயிர் திருட வந்தவன் கள்வன். உறங்குபவனோ இறை. நான்கும் ஒரே இரவில் கூடுகின்றன. தனித்தன்மை யாதெனின், அஞ்சுபவனே இங்குக் கள்வன். தானே தனக்கு அச்சத்தின் நிலைக்களன் ஆகிவிட்ட ஒருவனின் நிலை அது.

உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. இவ்விலக்கணத்தால் நோக்கின் குரோசாவாவின் காட்சி தூய மெய்ப்பாட்டுக் காட்சி. உடல் மட்டுமே பேசுகிறது. அதிலும் அவர் முகத்தை அண்மையில் காட்டுவதைப் பெரிதும் தவிர்த்து, முழு உருவத்தையும் அறையின் வெறுமையோடு சேர்த்தே காட்டுகிறார். பார்ப்பவன் அருகில் செல்ல இயலவில்லை. ஷேக்ஸ்பியரோ பார்ப்பவனைக் கொலையாளியின் செவிக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கிறார்.

பெற்றதும் இழந்ததும்

இவ்வொப்பீட்டின் உயிர்நாடி இவ்விடத்தில் உள்ளது. குரோசாவாவின் மௌனத்தைப் புகழ்ந்துவிட்டு அமைதல் எளிது. அம்மௌனத்துக்கு அவர் கொடுத்த விலையையும் கணக்கிடுதல் நேர்மை.

மாக்பெத் ஒரு கொலைகாரன். அதே வேளையில் அவன் கவிஞன். தன் செயலின் முழுப்பொருளையும் அவன் சொல்லால் அறிகிறான். தூக்கத்தைக் கொன்றதாக அவன் கூறும்போது, இனி என்றும் உறங்கப்போவதில்லை என்பதை அவையோர் அறியுமுன் அவன் அறிந்துவிடுகிறான். அவனை வெறுக்கவேண்டிய அவையோர் அவன் அருகில் அமர்ந்து நடுங்குகின்றனர். இது சொல்லின் செயல். மனச்சான்று என்பது ஒருவன் தன்னோடு தான் பேசிக்கொள்வது. பேச்சை எடுத்துவிட்டால் மனச்சான்றைக் காட்டும் வாயில் அடைபடுகிறது. வாஷிசு நடுங்குகிறான், உறுமுகிறான், வெறித்து நோக்குகிறான். ஆயின் தன் குற்றத்தின் உட்பொருளை அவன் அறிந்தான் என்பதற்குச் சான்று இல்லை. அவனைக் கண்டு அஞ்சலாம், இரங்கலாம். அவனாக மாறி அவன் குற்றத்தை உள்ளிருந்து உணர்தல் அரிது.

இஃது இயக்குநரின் குறைபாடு அன்று. அவர் தெரிந்து செய்த தேர்வு. படம் பாழடைந்த கோட்டையின் நினைவுத் தூணோடும், ஆசையின் அழிவைப் பாடும் குழுப்பாடலோடும் தொடங்குகிறது. அதே இடத்தில், அதே பாடலோடு முடிகிறது. முடிவு முன்னரே நிகழ்ந்துவிட்டது. இடையில் காண்பது மூடுபனியிலிருந்து எழுந்து மூடுபனியிலேயே மறையும் ஒரு சுழற்சி. கொன்றவனைக் கொன்றவன் கொல்லப்படுகிறான். நாடகத்தின் இறுதியில் மால்கம் புதிய அரசனாக நின்று முடிசூட்டு விழாவுக்கு அனைவரையும் அழைக்கிறான். படத்தில் அத்தகைய விடியல் இல்லை. ஷேக்ஸ்பியர் எழுதியது மனச்சான்றின் அவலம். குரோசாவா எடுத்தது வரலாற்றின் அவலம். உலகப்போர் முடிந்து 12 ஆண்டுகளே கழிந்திருந்த ஒரு நாட்டில் எழுந்த படம் என்பதை நினைவிற்கொண்டால், ஒரு தனிமனிதனின் உள்ளத்தைவிட ஆசையின் சுழற்சி அவருக்குப் பெரிதாகத் தோன்றியதன் காரணம் விளங்கும்.

இந்நோக்கில் வாயில் தட்டும் ஓசைக்கு நேர்ந்ததும் புரிகிறது. படத்தில் அவ்வோசை இல்லை. ஈட்டியைத் திரும்ப வைத்துவிட்டு வந்த அசாஜியே வெளியே ஓடிக் கதவைத் திறந்து, கொலையாளி புகுந்துவிட்டதாகக் கூவுகிறாள். நின்றுபோன உலகை மீண்டும் இயக்குவது வெளியிலிருந்து வரும் அறத்தின் கை அன்று; உள்ளிருந்து எழும் பொய்யின் குரல். மனைவி மக்களை இழந்து, நீதி கேட்டு வாளோடு வரும் மாக்டஃபுக்கு முழுமையாக நேரான பாத்திரமும் படத்தில் இல்லை. தட்டும் கையை நீக்கியவர் தட்டுபவனையும் நீக்கிவிட்டார். வாஷிசு இறுதியில் வீழ்வது எதிரியோடு நேர்நின்று பொருதும் போரில் அன்று. தன் படைவீரரே எய்யும் அம்புமழையில். வெளியிலிருந்து நீதி வராத உலகில் தீமை தன்னைத் தானே தின்று அழிகிறது. ஒரு காட்சியில் ஓர் ஓசையை நீக்கினால் நாடகத்தின் முடிவே மாறவேண்டியுள்ளது. மூலத்தின் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கும், தழுவியவர் அதை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்பதற்கும் இஃதொரு சான்று.

கை கழுவும் காட்சி

கொலை இரவில் விதைத்தது பின்னர் கை கழுவும் காட்சியில் முளைக்கிறது. நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், தூக்கத்தில் நடக்கும் சீமாட்டி இல்லாத நீரில் இல்லாத கறையைக் கழுவுகிறாள். மருத்துவனும் தோழியும் மறைந்து நின்று காண்கின்றனர். ஷேக்ஸ்பியர் இங்கு அவளுக்குச் செய்யுளைத் தரவில்லை, உரைநடையைத் தந்தார். யாப்பு என்னும் காப்பு அவளை விட்டு நீங்கிவிட்டது. சிறிதளவு நீர் போதும் என்றவளுக்கு இப்போது எதுவும் போதவில்லை. கணவன் அக்காட்சியைக் காண்பதில்லை. அவள் இறந்த செய்தி மட்டுமே அவனை வந்தடைகிறது.

குரோசாவா இங்குப் புதியதொரு காரணத்தைச் சேர்த்தார். அசாஜி கருவுற்றிருப்பதாக வாஷிசுவிடம் கூறுகிறாள். மிக்கியின் மகனை வாரிசாக்க எண்ணியிருந்தவன் அவ்வொரு சொல்லால் மனம் மாறி, நண்பனைக் கொல்ல ஆள் ஏவுகிறான். பின்னர்க் குழந்தை இறந்தே பிறக்கிறது. அதன்பின்தான் அவள் கலத்தின் முன் அமர்ந்து கையைக் கழுவத் தொடங்குகிறாள். ஷேக்ஸ்பியரின் நாயகிக்குப் பிள்ளைகள் எத்தனை என்னும் வினா, பாத்திரங்களை உயிருள்ள மனிதராகக் கொண்டு ஆராய்வோரை எள்ளும் முகமாக எல். சி. நைட்ஸ் 1933-இல் வெளியிட்ட கட்டுரைக்குத் தலைப்பாயிற்று. திறனாய்வாளர் கேட்கத் தகாதது என எள்ளிய வினாவுக்குத் திரைக்கலைஞர் விடை சொல்லியிருக்கிறார். கொலையின் குருதியும் பேற்றின் குருதியும் ஒரே கையில் கலந்துவிட்ட நிலை அவளுடையது. இங்குக் கணவன் அவளை நேரில் காண்கிறான், தடுக்க முயல்கிறான், இயலவில்லை. அசையாத முகமூடியாக இருந்த முகம் இப்போதுதான் அசைகிறது. படம் முழுவதும் காத்துவந்த அடக்கம் இவ்வொரு கணத்துக்காகவே சேமிக்கப்பட்டது என்பது அப்போது தெரிகிறது.

கவிஞர்க்கு

தமிழ் மரபில் உரையாசிரியர்க்குத் தனியிடம் உண்டு. மூலத்தைத் தாங்கி நின்று, மூலம் மறைத்ததை வெளிக்கொணர்பவர் அவர். குரோசாவாவை மூலத்தைக் காட்டாமலே உரை வகுத்த உரையாசிரியர் எனலாம். மூலம் அறியாதார்க்கும் அப்படம் இன்பம் தரும். மூலம் அறிந்தவர்க்கோ ஒவ்வொரு மௌனத்தின் பின்னும் விடுபட்ட அடிகள் எதிரொலிக்கும். அவர் சொற்களை நீக்கி வெற்றி பெற்றதற்குக் காரணம் சொற்கள் தேவையற்றவை என்பதன்று. அச்சொற்கள் எப்பணியை ஆற்றின என்பதை அடிதோறும் அறிந்து, அப்பணியை ஆடையின் ஓசைக்கும் இறுகிய கைக்கும் சுவரின் கறைக்கும் பகிர்ந்தளித்தார். பணி இன்னதென அறியாமல் சொல்லை மட்டும் நீக்குபவர்க்கு எஞ்சுவது வெறுமையே.

எனவே தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இருபகுதியாக அமைகிறது. கவிதையின் பெரும்பகுதி சொல்லுக்கு வெளியே வாழவல்லது: அச்சம் வாழும், உருவகம் வாழும், ஓசை வாழும், ஊழும் வாழும். இவற்றை ஒரு கலையிலிருந்து மற்றொரு கலைக்கு எடுத்துச் செல்லலாம். சொல்லைவிட்டு நீங்கின் வாழாதது ஒன்றுண்டு. அது, தான் செய்ததைத் தானே அறியும் மனிதனின் குரல். குற்றம் செய்த கையைக் காட்ட ஆயிரம் கலைகள் உண்டு. அக்கையைப் பார்த்து ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைக் காட்டக் கவிதை ஒன்றே உண்டு.

திரையும் தொலைக்காட்சியும் காட்சியைப் பெருக்கிக்கொண்டே செல்லும் காலத்தில், காட்சியோடு போட்டியிட்டு வண்ணனைகளை அடுக்கும் கவிதை தோற்றே தீரும். காட்சியால் எட்ட இயலாத அந்த ஓரிடத்தில் கவிதைக்குப் போட்டியாளர் எவரும் இல்லை. அவ்விடத்தை எழுதத் துணிவு வேண்டும். ஏனெனில் அங்குப் பேசவேண்டியது பிறர் குற்றத்தைப் பற்றியன்று. இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக் கவிதைகள் அவ்விடம் நோக்கிச் செல்லுமாக.